ஆடாதோடைப் பலகை

என் மேசையின் இடது ஓரத்தில் ஒரு பலகை கிடக்கிறது. ஒரு சாண் அகலம், நான்கு விரல் உயரம். பச்சை வண்ணம் பூசிய தகரத்தை மரக்குச்சியில் ஆணி அடித்துப் பொருத்தியது. வெள்ளை எழுத்தில் ‘ஆடாதோடை’ என்று எழுதி, அதற்கடியில் சின்னதாக மலாய்ப் பெயரும் போட்டிருக்கும். குச்சியின் நுனியில் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது, நான் துடைக்கவில்லை. அறைக்கு வருகிறவர்கள், “டீச்சருக்கு மூலிகையில ஆர்வமா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும், அதில் பாதி என்னை நானே திட்டிக்கொள்வதாக இருக்கும். இப்போது அரை மணி நேரம் இருக்கிறது. நேற்றுதான் கடிதம் வந்தது. அடுத்த வாரம் நசீர் வருகிறார்கள்.

நசீர் என்றால் பள்ளிகளைச் சோதிக்க வரும் அதிகாரிகள். இங்கே ஜொகூர் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரைக் கேட்டாலும் அந்தச் சொல்லுக்கு முதுகை நிமிர்த்துவார்கள். நான் குளுவாங்கிலிருந்து காஹாங் பக்கம் போகிற சாலையில் இந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்த இரண்டாவது ஆண்டில்தான் இந்தப் பலகை வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். சுற்றிலும் எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனை, ஒரு திடல், எட்டு வகுப்பறை, அதில் இரண்டு பூட்டியே கிடக்கும். அறுபதுக்கு மேல் பிள்ளைகள். நான் ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மண்ணென்றால் எனக்குப் பூத்தொட்டியில் இருப்பது. ஆனால் பள்ளியைத் தூக்கி நிறுத்திக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டுக்கொண்டு வந்தேன். அந்தச் சபதத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பள்ளியைத் தூக்கி நிறுத்துவது வேறு, பள்ளியின் மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்துவது வேறு என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

நசீர் வருகிறார் என்று தெரிந்தால் ஒரு பள்ளியில் என்ன நடக்கும் என்பதை வெளியார் பார்த்ததில்லை. முதலில் கோப்புகள். எதைச் செய்தாலும் ஆதாரம் வேண்டும். பாடம் நடத்தினால் போதாது, நடத்தியதற்குப் படம் வேண்டும். படம் எடுத்தால் போதாது, எடுத்த தேதியோடு கோப்பில் இருக்கவேண்டும். ஆசிரியர்கள் வீட்டுக்குப் போய் சமைத்து முடித்துவிட்டு உட்கார்ந்து கோப்புக்கு அட்டை போடுவார்கள். அடுத்தது சுவர். பழைய படங்களைக் கிழித்துப் புதியதை ஒட்டவேண்டும். அதற்கடுத்தது பூந்தொட்டிகள். எங்கள் வட்டாரத்தில் காகிதப்பூத் தொட்டிகள் ஒரு லாரியில் ஏறிப் பள்ளி பள்ளியாகப் போகும். போன வாரம் அங்கே நசீர், இந்த வாரம் இங்கே நசீர், அடுத்த வாரம் இன்னொரு பள்ளி. அந்தத் தொட்டிகள் என்னைவிட அதிகமான பள்ளிகளைப் பார்த்தவை. தலைமையாசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. யாருடைய பள்ளிக்கு நசீர் போனாலும் அன்று மாலையே, என்ன கேட்டார்கள், எதைப் படம் எடுத்தார்கள் என்று அதில் வந்துவிடும். “மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள்” என்று ஒருவர் போட்டிருந்தார். பலகைகள் வரிசையாக நிற்கும் படமும் கூடவே இருந்தது. எங்கள் பள்ளியிலும் ஒரு மூலிகைத் தோட்டம் உண்டு, பலகைதான் இல்லை. என் தலையில் அங்கே ஏறியதுதான் அந்த வினை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஓர் ஆசிரியை இருந்தார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கூலாயில் வீடு. கணவர் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். இவர் இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒரு பழைய வெள்ளைக் காரில் தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு வருவார். கூலாய்க்கு மாற்றம் கேட்டு மனு போட்டிருந்தார். நான் இரண்டு முறை அதற்குப் பரிந்துரை எழுதவில்லை. நல்ல ஆசிரியரை யார் விடுவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் ஒருமுறைகூட அதைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பழைய நாள்காட்டித் தாள்களைச் சேர்த்து வைப்பார். நகைக்கடைகளில் கொடுக்கும் பெரிய சாமிப்பட நாள்காட்டி, மாதம் முடிந்ததும் கிழிக்கிற தாள். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். பின்பக்கத்தில், வாரா வாரம் அந்தப் பிள்ளை எதை வாசித்தது, எங்கே தடுக்கியது என்று பென்சிலில் எழுதுவார். ‘கெ, கொ குழப்பம். மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள். காலையில் சாப்பிடவில்லை, ரொட்டி கொடுத்தபின் ஐந்து சொல் வாசித்தாள்.’ இப்படி. அவருடைய மேசையில் முருகனும் லட்சுமியும் அடுக்கடுக்காக இருப்பார்கள். கோப்புக்கு அட்டை போடுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். “போடறேன் டீச்சர்” என்பார். போடமாட்டார்.

வகுப்பு மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றிலிருந்து ஆறுவரை ஓர் அடைவுநிலை கொடுக்கவேண்டும். ஒன்று என்றால் ஏறக்குறைய எதுவும் பிடிபடவில்லை. மூன்று என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அவருடைய வகுப்பில் பதினொரு பிள்ளைகள். நான்கு பேருக்கு வாசிப்பில் ஒன்று போட்டிருந்தார். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை அறைக்குக் கூப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பள்ளியில் எல்லோருக்கும் அது தெரியும்.

“இந்த நாலு பேருக்கும் மூணு போட்டுடுங்க டீச்சர். வர்றவங்க ஒவ்வொரு பிள்ளையா நிறுத்தி வெச்சு வாசிக்கச் சொல்லப் போறாங்களா?”

“மூணு போட்டா அடுத்த வருசம் எடுக்கிற டீச்சர் இதுங்க வாசிக்கும்னு நெனச்சுப் பாடத்த நடத்திட்டுப் போயிருவாங்க டீச்சர். போன வருசம் எங்கிட்ட வந்த பிள்ளைங்களும் அப்படித்தான் வந்துச்சுங்க. ஏட்டுல மூணுன்னு இருந்துச்சு. நானும் நம்பி ரெண்டு மாசத்த விட்டுட்டேன்.”

அதற்குமேல் அவர் கேட்டதுதான் என்னைச் சுட்டது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளைத் தனியாக அழைத்து உட்காரவைத்துக் கற்பிக்க ‘குறைநீக்கல் ஆசிரியர்’ என்று ஒருவரைப் பள்ளிக்குத் தருவார்கள். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. அவர் வற்புறுத்தியதால் ஆண்டுத் தொடக்கத்தில் நான் கல்வி இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். பதில் இரண்டே வரியில் வந்தது. உங்கள் பள்ளியின் பதிவுகளின்படி அப்படிப்பட்ட மாணவர் எவரும் இல்லை. எப்படி இருப்பார்கள்? எனக்கு முன்பு இருந்தவர்களும் மூன்று போட்டார்கள், வந்த முதல் ஆண்டில் நானும் போடச் சொன்னேன். ஏட்டில் எல்லாப் பிள்ளைகளும் சரளமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிலை நான் அவரிடம் காட்டாமல் இழுப்பறையில் வைத்திருந்தேன். “அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்திச்சா டீச்சர்?” என்று அவர் அன்று நேருக்கு நேர் கேட்டார். மாட்டிக்கொண்ட கோபத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். இத்தனை ஆண்டுகள் கழித்து இங்கே எழுதவும் கை கூசுகிறது.

“பதினோரு பிள்ளைங்கள்ல நாலு பேருக்கு வாசிக்க வரலன்னா, அது பிள்ளைங்க குறையா, டீச்சர் குறையா?”

அவர் எழுந்தார். அழவில்லை. தோள்பையை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினார். “என் குறைன்னே எழுதிக்குங்க டீச்சர். ஆனா ஒண்ணுன்னு எழுதுங்க,” என்றார். அதோடு போய்விட்டார். ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருகிற பெண்ணிடம், விடியற்காலையில் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் வருகிற பெண்ணிடம் நான் அப்படிப் பேசினேன். ஆசிரியர்களின் மனம் விட்டுப்போகிறது, வேலையில் பிடிப்பில்லாமல் போகிறது என்று இப்போது கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். காரணங்களை எங்கெங்கோ தேடுகிறார்கள். பல நேரம் காரணம் மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஒருத்திதான்.

அவர் மாற்றமாட்டார் என்று தெரிந்ததும் நானே செய்தேன். மூன்றாம் ஆண்டின் சுருக்கப் பட்டியலை நானே தட்டச்சு செய்து, நான்கு பேருக்கும் மூன்று போட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்தேன். கையெழுத்து இடத்தில் ஒரு கிறுக்கல். நசீர் வருவதற்கு முந்தின நாள் அவரிடம், “நாளைக்கு அந்த நாலு பேரும் காலையில தோட்டத்துல வேலை செய்யட்டும். செடிக்குத் தண்ணி ஊத்தட்டும்,” என்றேன். புரிந்துகொண்டார்.

“எங்க ஒளிச்சு வெச்சாலும் அதுங்க அங்கதான் டீச்சர் இருக்கும்,” என்றார்.

அன்று மாலைதான் பலகைகள் வந்தன. குளுவாங்கில் ஒரு கடையில் சொல்லிச் செய்தவை. என்னென்ன பெயர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் பள்ளியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அதிலிருந்த இருபது பெயர்களையும் அப்படியே அனுப்பியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் இருப்பவை என்னென்ன என்று நான் ஒரு நடை போய்ப் பார்க்கவில்லை. மூலிகைத் தோட்டமென்றால் எங்கும் ஒரே செடிகள்தானே என்று நினைப்பு. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் நானும் இரண்டு அப்பாக்களும் தூறலில் குடை பிடித்துக்கொண்டு பலகைகளை அடித்தோம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. “இது என்ன செடி டீச்சர்?” என்றார் தலைவர். அவர் கூலாயில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். “எதையாவது அடிங்க ஐயா, மழை வருது,” என்றேன். ஐயோ அலமாக், அந்த ஒரு வாக்கியத்தை நான் விழுங்கியிருக்கலாம். அடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தோம். படத்தில் பார்த்தது போலவே வரிசையாக, அழகாக இருந்தன. பிறகு மழை கொட்டியது, விடியும்வரை விடவில்லை.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மலாய் அம்மையார் நேராக அலுவலகத்துக்குக் கோப்புகளைப் பார்க்கப் போனார். மற்றவர் தமிழர், பொந்தியான் ஊர்க்காரர். ஒல்லியாக, பேண்ட் காலைச் சேறு படாமல் மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார். வாசலில் சந்தனம் குங்குமத்தோடு தட்டேந்தி நின்ற பிள்ளைகளைக் கும்பிட்டுவிட்டு, முன்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் பக்கவாட்டில் போனார். பக்கவாட்டில்தான் தோட்டம். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். அங்கே, இரவெல்லாம் மழை குடித்து ஊறிப்போயிருந்த மண்ணுக்கு நான்கு பிள்ளைகள் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்கள், பாவம்.

அவர் நின்றுவிட்டார். பிள்ளைகளையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு பேரில் ஒருத்தி கொஞ்சம் வாயாடி. செம்பனைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை. அவளுடைய அம்மா வீட்டுக்குப் பின்னால் கீரையும் மூலிகையும் போட்டு வாரச் சந்தையில் விற்கிறவர். அவளிடம்தான் அவர் குனிந்தார்.

“என்ன செடிம்மா இது?”

“தூதுவளை ஐயா.”

“பலகையில என்ன எழுதியிருக்கு? வாசி பாக்கலாம்.”

அவள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து எழுத்துகளின்மேல் விரலை வைத்து, மெதுவாக நகர்த்தி, வகுப்பில் எல்லோரும் வாசிக்கிற ராகத்தில், “தூ... து... வ... ளை” என்றாள். விரல் ‘ஆடாதோடை’யின் மேல் போய்க்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தார். அடுத்த செடிக்குப் போனார். நொச்சி என்றாள். பலகையில் கீழாநெல்லி என்று இருந்தது. அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. அவள் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, ஒவ்வொரு பலகையையும் விரல் வைத்து ‘வாசித்து’, இது சளிக்கு, இது கால் வீக்கத்துக்கு, இதைப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று விளக்கமும் சொன்னாள். நான் அவள் வாயையும், மற்ற வாயில்லா மூன்று பேரும் பூவாளியோடு தலையாட்டிக்கொண்டு பின்னால் வருவதையும் பார்த்துக்கொண்டே கூட நடந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். மறுபடி அந்த முதல் செடியைக் காட்டினார்.

“டீச்சர், நீங்க சொல்லுங்க. இது என்ன செடி?”

நான் பலகையைப் பார்த்தேன். “ஆடாதோடை ஐயா.”

வாயாடி களுக்கென்று சிரித்துவிட்டாள். “இல்ல டீச்சர், தூதுவளை! முள்ளு இருக்கு பாருங்க, தொட்டுப் பாருங்க!” என்று என் கையைப் பிடித்து இழுத்து இலையின்மேல் வைத்தாள். முள் குத்தியது.

“எந்த வகுப்பு நீங்க எல்லாம்?” என்று அவர் பிள்ளைகளிடம் கேட்டார். மூணாம் ஆண்டு என்றார்கள். “பாடம் நடக்கலையா?” என்றார். “நாங்க தோட்டத்து ஆளுங்க ஐயா,” என்றாள் வாயாடி, பெருமையாக. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ இற்று விழுந்தது. அவமானம் அதற்கு முன்பே வந்துவிட்டது, இது வேறு. எட்டு ஒன்பது வயதில் அந்தப் பிள்ளை தன்னை வகுப்புக்கு வெளியே நிற்கிற ஆளாக எண்ணிக்கொண்டு, அதில் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் அவர் மூன்றாம் ஆண்டுக் கோப்பைக் கேட்டார். முதல் பக்கத்தைப் பார்த்தார். ஆசிரியையை வரச்சொன்னார். அவர் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கையில் சுண்ணாம்புத் தூள்.

“இந்த அடைவுநிலை நீங்க போட்டதா டீச்சர்?”

அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “என் கையெழுத்து இல்ல ஐயா. என்னோடது வகுப்புல இருக்கு. கொண்டு வரட்டுமா?”

அவ்வளவுதான் சொன்னார். யார் எழுதியது என்று சொல்லவில்லை. நான் தட்டச்சு செய்ததை அவர் அறிவார், நான் அறிவேன். ஒரு வார்த்தையில் என்னை முடித்திருக்கலாம், முந்தின வாரம் நான் அவரைப் பேசின பேச்சுக்குப் பதிலும் அதுவாகியிருக்கும். அவர் போய், முருகனையும் லட்சுமியையும் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நசீர் ஒவ்வொரு சாமியாகத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தார். நெடுநேரம் வாசித்தார். மலாய் அம்மையாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். கடைசியில் கோப்பின் முதல் பக்கத்தைத் தொட்டுக் காட்டி, “அப்ப இத எழுதினது யாரு?” என்றார்.

அலுவலகக் கிராணி எழுதியது என்று சொல்லலாம். கணினியில் பழைய ஆண்டுப் பட்டியல் தவறி வந்துவிட்டது என்று சொல்லலாம். இரண்டும் அந்த நொடியில் நாக்கின் நுனிவரை வந்தன. என் உள்ளங்கையில் முள் குத்திய இடம் எரிந்துகொண்டிருந்தது. “நான்தான் ஐயா எழுதினேன்,” என்றேன். “டீச்சர் ஒண்ணுன்னுதான் போட்டாங்க. மாத்தச் சொன்னேன், மாட்டேன்னுட்டாங்க.”

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் நடக்கவேண்டியவைதான். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதினேன், மழுப்பாமல். பள்ளியின் தரநிலை இறங்கியது. ஆசிரியர் அறையில் சிலர் அந்த ஆசிரியையிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். “ஒரு சாமிப்பட காலண்டரால பள்ளிக்கூடத்துப் பேரு போச்சு” என்று சங்கத் தலைவர் கிண்டலாகச் சொன்னது அவர் காதுக்கும் போனது. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து, பெயரைக் கெடுத்தது நான், காப்பாற்றியது அவர் என்று சொன்னேன். கைதட்டலெல்லாம் இல்லை. சங்கடமாக எல்லோரும் குறிப்பேட்டைப் பார்த்தார்கள். ஆனால் அன்று மதியம் இரண்டாம் ஆண்டு ஆசிரியர் என் அறைக்கு வந்து, தன் பட்டியலிலும் மூன்று பேரைத் திருத்தவேண்டும் என்றார். மறுநாள் இன்னொருவர். வாரத்துக்குள் எங்கள் ஏடு பார்க்கச் சகிக்காமல் ஆகிவிட்டது. நான் இந்தப் பள்ளியில் பார்த்த முதல் உண்மையான ஏடு அதுதான்.

அந்தப் பெயர்ப் பட்டியலோடு குறைநீக்கல் ஆசிரியர் கேட்டு இலாகாவுக்கு மறுபடி எழுதினேன். “அவங்க வர்ற வரைக்கும் பிள்ளைங்க வளராம இருக்குமா டீச்சர்?” என்றார் மூன்றாம் ஆண்டு ஆசிரியை. மறுவாரமே காலை ஆறே முக்காலுக்குச் சிற்றுண்டிச் சாலையில் வகுப்பு தொடங்கினார். ஆறே முக்காலுக்கு இங்கே இருக்கவேண்டுமானால் கூலாயில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கவேண்டும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்து, அதற்குமேல் வீட்டில் படுத்திருக்க முடியாமல் நானும் வந்தேன். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. வாயாடியைக் காட்டினார். “நீங்க இவள எடுத்துக்குங்க டீச்சர். இவ ஒருத்திதான் உங்களுக்குப் பயப்படல.”

எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டு ஆசிரியை, தலைமையாசிரியை, அந்த ஒரு பிள்ளைக்கு முன்னால் திணறினேன். ‘அது பிள்ளைங்க குறையா, டீச்சர் குறையா’ என்று நான் கேட்ட கேள்வி தினமும் காலை எனக்கு எதிரே உட்கார்ந்து வாழைப்பழப் பலகாரம் தின்றது. அவள் நேற்று வந்த எழுத்தை இன்று மறந்துவிடுவாள். நான் குரலைத் தாழ்த்துவேன். அடுத்த மேசையிலிருந்து அவர், “டீச்சர், அவளுக்குப் பசி,” என்பார். அல்லது, “டீச்சர், உங்களுக்குப் பசி,” என்பார். எப்போது கேலி செய்கிறார், எப்போது உண்மையாகச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு மாதங்கள் ஆயின. சிற்றுண்டிச் சாலையில் இரண்டு மேசை, நான்கு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். அந்த ஆண்டு முடிகிறவரை ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. கார் நெடுஞ்சாலையில் நின்றுவிட்ட ஒரு நாளிலும், தொலைபேசியில் கூப்பிட்டு, இன்று எந்தப் பிள்ளைக்கு எந்த வரியிலிருந்து தொடங்கவேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டார்.

ஆண்டு முடிவில் அவருடைய மாற்ற மனுவை எடுத்து, பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூலாயிலேயே இடம் கிடைத்தது. போகும் நாளில் நான்கு நாள்காட்டித் தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். விழா, பொன்னாடை எல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். நான் மன்னிப்பு கேட்டேன். “அதெல்லாம் விடுங்க டீச்சர், அடுத்த வருசத்துக்கு ‘ஞ’ வரிசை பாக்கி இருக்கு,” என்றார்.

அடுத்த ஆண்டு நடுவில்தான் குறைநீக்கல் ஆசிரியர் வந்தார். அவர் வந்தபிறகும் காலை வகுப்பை நான் விடவில்லை. பலகைகளைப் பொறுத்தவரை, நசீர் போன அன்றே எல்லாவற்றையும் பிடுங்கிப் பொருள் அறையில் எறிந்துவிட்டேன். முதல் பலகையை மட்டும் எடுத்து மேசையில் போட்டேன். கண்ணில் படட்டும் என்றுதான்.

வாயாடி ஐந்தாம் ஆண்டுக்கு வந்தாள். ஒருநாள் வருகைப் பதிவேட்டைக் கொடுக்க என் அறைக்கு வந்தவள், கொடுத்துவிட்டுப் போகாமல் மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தொலைபேசியில் இருந்தேன். அவள் வாய் அசைந்தது. விரல் வைக்கவில்லை, ராகம் போடவில்லை. “ஆ... டா... தோ... டை. ஆடாதோடை.” அப்புறம் புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். “டீச்சர், ஆடாதோடை நம்ம பள்ளிக்கூடத்துல இல்லவே இல்லையே! இந்தப் பலகை எதுக்கு?”

எனக்கு அன்றுவரை அது தெரியாது. செடி மாறி அடித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பெயரில் எங்களிடம் செடியே இல்லை என்பது, இவள் வாசித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தொலைபேசியைப் பாதியில் வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். “எதுக்கு டீச்சர் அழறீங்க, செடி வேணும்னா எங்கம்மாகிட்ட கேக்கறேன் லா,” என்றாள்.

அன்று கூலாய்க்கு அழைத்தேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவர் கேட்டார்.

“மத்த மூணு பேரு டீச்சர்?”

ஒருவன் சுமாராக வாசிக்கிறான் என்றேன். இன்னொருத்தி நாளிதழ்த் தலைப்புவரை வந்துவிட்டாள். மூன்றாமவனின் அப்பாவுக்குப் பொந்தியான் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அவனுடைய நாள்காட்டித் தாளையும் கோப்போடு சேர்த்து அனுப்பினேன். அங்கே யாராவது அதைத் திருப்பிப் பார்த்தார்களா, முன்பக்கத்துச் சாமியைப் பார்த்துக் குப்பையில் போட்டுவிட்டார்களா என்று தெரியாது. “விசாரிங்க டீச்சர்,” என்றார். விசாரித்தேன். அந்தப் பள்ளியிலிருந்தும் போய்விட்டார்களாம்.

எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறது. அவர் இப்போதும் கூலாயில்தான் இருக்கிறார். அந்தப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியை என்று கேள்விப்பட்டேன். கோப்புக்கு அட்டை போடுகிறாரா என்று கேட்கவேண்டும். நேற்று கடிதம் வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உடனே ஒரு தலைமையாசிரியர், தொட்டிகள் தன்னிடம்தான் இருக்கின்றன, லாரி அனுப்பட்டுமா என்று அன்பாகக் கேட்டார். வேண்டாம் ஐயா, நன்றி என்று எழுதினேன். இன்று காலை மூன்றாம் ஆண்டின் புது ஆசிரியை வாசலில் தயங்கி நின்றாள். கையில் பட்டியல். “இந்த அஞ்சு பேருக்கு என்ன போடறது டீச்சர்? போன வருசம் நான் பயிற்சிக்குப் போன பள்ளியில கொஞ்சம் ஏத்திப் போடச் சொன்னாங்க...”

“பிள்ளைங்க வாசிக்குதுங்களா?”

“இல்ல டீச்சர். இன்னும் வரல.”

“அப்ப ஒண்ணு. கேள்வி வந்தா எங்கிட்ட அனுப்புங்க.”

பட்டியலை வாங்கி அவளுடைய கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். காற்றில் பறக்காமலிருக்க ஆடாதோடைப் பலகையை அதன்மேல் வைத்திருக்கிறேன். சன்னலுக்கு வெளியே மழை இருட்டு கட்டுகிறது. இந்தப் பருவத்தில் அடுத்த வாரம் முழுவதும் பெய்யும் என்கிறார்கள். பெய்யட்டும், செடிகளுக்கு நல்லது. நசீர் வரும் அன்று ஐந்து பேரும் வகுப்பில்தான் இருப்பார்கள், முதல் வரிசையில்.